சுகர் இருக்கான்னு யாரும் கேட்டதில்ல

சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தைய நாள்களில் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர் கூவாகத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த திருநங்கைகள் பெட்டியும் பையுமாக நிற்பார்கள். அவர்கள் ஏறும் பேருந்தில் ஏறினால் போதும். நாங்கள் நான்கு பேர் அப்படித்தான் ஏறினோம். சமூக மருத்துவம் படித்த டாக்டர் ஒருவர், எங்கள் கள ஒருங்கிணைப்பாளரான திருநங்கை அக்கா, பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர் ஒருவர், முதுநிலை சமூகப்பணி படிக்கும் நான். மடியில் இருந்த பைகளில் ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், எடை எந்திரம், ஒப்புதல் படிவங்கள், கட்டுக்கட்டாக வினாத்தாள்கள்.

என் வகுப்பில் பெரும்பாலோர் இன்டர்ன்ஷிப்புக்கு நிறுவனங்களின் மனிதவளப் பிரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் திருநர் உடல்நல ஆய்வைக் கேட்டு வாங்கினேன். தமிழ்நாட்டில் திருநங்கைகளும் திருநம்பிகளும் என்னென்ன நோய்களோடு வாழ்கிறார்கள்? உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போகிறார்கள்? போகாதவர்கள் ஏன் போவதில்லை? ஆய்வு கேட்டது இவ்வளவுதான். சென்னையில் பயிற்சி, பிறகு கூவாகம், திருச்சி, மதுரை, கோவில்பட்டி, தூத்துக்குடி என்று கோடை முழுக்கத் தெற்கு நோக்கிப் போக வேண்டும்.

சென்னையில் பயிற்சிக்குப் போகும் வழியில் பூங்கா நகரில் சென்னை மருத்துவக் கல்லூரியைத் தினமும் கடப்பேன். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது 1986-இல் முதன்முதலாக அங்கிருந்துதான் தெரியவந்தது. கண்டறிந்தவர் ஒரு மாணவி. நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த நிர்மலாவிடம் இந்தத் தொற்றைப் பற்றி ஆய்வேடு எழுதும்படி சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டு நோய், இங்கே வராது என்று நாடே நம்பிக்கொண்டிருந்த காலம். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்து, மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்து, கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார் நிர்மலா. ஆறு மாதிரிகளின் நிறம் மாறியது. அதன் பிறகுதான் நாடு விழித்தது. சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது.

மாணவர் ஆய்வு மதிப்பெண்ணுக்காகச் செய்து அலமாரியில் அடுக்கும் காரியம் என்று நினைப்பவர்களுக்கு நிர்மலாவின் கதையைச் சொல்வேன். ஆனால் எங்கள் ஆய்வு நெறிமுறை வகுப்பில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களுக்கு என்ன சொல்லப்பட்டது? வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்களா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் பாலினச் சிறுபான்மையினரைத் தனிக் கவனம் தேவைப்படும் குழுவாக வகைப்படுத்துகின்றன. அதன் பொருளை டாக்டர் எங்களுக்கு நடைமுறையாகச் சொன்னார். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். ஒப்புதல் படிவத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாமல் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். கேள்விக்காக அவர்கள் இழக்கும் நேரத்துக்குப் பணம் தர வேண்டும். கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவருக்கு ஒரு மணி நேரம் என்பது வருமானம்.

ஆள்களைத் தேடுவது எப்படி என்பது அடுத்த பாடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிற’ என்ற கட்டத்தில் இந்தியாவில் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவானார்கள். குடும்பத்தார் வீட்டு வாசலில் நின்று கணக்கெடுப்பாளரிடம் சொன்ன பதில்தான் இந்த எண். மகனென்றோ மகளென்றோ மறைத்துச் சொன்ன வீடுகள் இதில் இல்லை. வாக்காளர் பட்டியலை வைத்து ஆள் பொறுக்குவது போல இங்கே முடியாது. அதற்குச் சமூகவியலர் டக்ளஸ் ஹெக்காத்தார்ன் 1997-இல் ஒரு வழி சொன்னார். சமூகத்துக்குள் நன்கு தெரிந்த சிலரிடம் முதலில் பேட்டி எடுத்து, ஆளுக்கு மூன்று சீட்டுகள் கொடுத்துவிடுவது. அவர்கள் தமக்குத் தெரிந்த மூன்று பேரை அனுப்புவார்கள். அந்த மூவர் ஒன்பது பேரை. யார் யாரை அனுப்பினார், ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரைத் தெரியும் என்ற விவரத்தை வைத்துப் பிற்பாடு கணக்கைச் சரிசெய்வார்கள். குரு, சேலா (சீடர்), நானி (குருவின் குரு) என்று உறவுமுறை பின்னிக் கிடக்கும் திருநங்கைகளின் ஜமாத்துக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. எங்கே பொருந்தாமல் போகிறது என்பதை மதுரையில் பார்த்தேன்.

கூவாகம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. கரும்பும் அறுவடை முடிந்த வயல்களுமாகக் கிடக்கும் சின்ன ஊர், கூத்தாண்டவர் திருவிழாவின்போது நகரமாகிவிடும். அரவானுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அவன் பலியானதும் அதை அறுக்கும் கதை தெரியாத தமிழர் இல்லை, ஆகவே அதை விரிக்காமல் விட்டுவிடுகிறேன். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் இரண்டு மேசை போட்டோம். பக்கத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை வண்டி நின்றது, ஆணுறைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். இங்கே யாரிடமும் வினாத்தாளை நீட்டக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துச் சொல்வது, விருப்பமுள்ளவர்களிடம் பிறகு வீட்டுக்கு வர நாள் கேட்பது, அவ்வளவுதான். “தாலி கட்டிக்க வந்தவகிட்ட போயி மூத்திரக் கடுப்பு இருக்கான்னு கேப்பியா?” என்றார். கூவாகத்தில் கூட்டம் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதால் கேமராவோடு வருகிறவர்களும் கேள்விகளோடு வருகிறவர்களும் ஆண்டுதோறும் பெருகுகிறார்கள். சாமி கும்பிட வந்த இடத்தில் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்கும் பதிலுக்கு என்ன மதிப்பு? திருவிழாவுக்கு வரக் காசும் உடம்பில் தெம்பும் உள்ளவர்கள்தான் இங்கே வருகிறார்கள். நோயாளி வீட்டில் கிடக்கிறார்.

மாலையில் அறுபதைக் கடந்த ஒருவர் இரண்டு சேலாக்கள் தாங்க வந்தார். அக்கா எழுந்து காலைத் தொட்டு ‘பாம்படுத்தி’ என்று வணக்கம் சொன்னதிலிருந்து பெரிய ஆள் என்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் என் பக்கம் கையை நீட்டினார்.

“என்னம்மா, ரத்தமா?”

“விரல் நுனியில ஒரு சொட்டுதாம்மா. சுகர் பார்க்கறதுக்கு.”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “எச்.ஐ.வி.க்கு இல்லியா?”

“இல்லம்மா. அது அந்த வண்டியில பார்க்கறாங்க. இங்க சுகரும் பிரஷரும்தான்.”

“முப்பது வருசமா வர்றேன் கண்ணு. ரத்தம் எடுக்காத வருசம் இல்ல. சுகர் இருக்கான்னு யாரும் கேட்டதில்ல.”

மீட்டர் முந்நூறைத் தாண்டிக் காட்டியது. டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். வலது காலின் பெருவிரலுக்கு அடியில் மாதக்கணக்கில் ஆறாத புண், மேலே மஞ்சள் பற்று. வலிக்கவில்லையே என்றார் அவர். வலிக்காததுதான் ஆபத்து என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்ட காலில் ஆணி குத்தினாலும் தெரியாது.

அந்த அம்மா சொன்னதை நான் எச்.ஐ.வி. பணிகள் மீதான குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017 கண்காணிப்புக் கணக்கில் திருநங்கைகளிடம் தொற்று 3.14 சதவீதம். பொதுவாக வயதுவந்தோரிடம் அது 0.22 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது அங்கே கவனம் குவிந்தது நியாயம். அந்தத் திட்டங்களின் பணத்தில்தான் பல ஊர்களில் திருநங்கைகளுக்கு முதன்முதலாக ஓர் அலுவலகமும் மாதச் சம்பளமும் கிடைத்தன. 1998-இல் சென்னையில் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகள் அப்படி வளர்ந்தவை. எங்கள் அக்காவே அப்படி ஒரு திட்டத்தில் சக கல்வியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர். ஆனால் நூறு பேரில் மூன்று பேருக்கு இருக்கும் தொற்றைத் தேடி நூறு பேரிடமும் ரத்தம் எடுத்தவர்கள், மீதித் தொண்ணூற்றேழு பேருக்கு உடம்பில் என்ன என்று கேட்கவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, பல், கண், மனச்சோர்வு, முதுமை எதற்கும் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத நோய்க்கு நிதியும் ஒதுக்கப்படுவதில்லை. இந்தப் பயணத்தில் நான் கற்றது இதுதான். மற்ற ஊர்கள் எல்லாம் இதையே வேறு வேறு குரல்களில் சொல்லின.

மறுநாள் காலை பந்தலடியில் தாலி அறுத்து வளையல் உடைக்கும்போது நாங்கள் மேசையை மடக்கிவிட்டிருந்தோம்.

திருச்சியில் ஒரு வாடகை வீட்டில் ஜமாத்தின் பெரியவர் அனுமதி கொடுத்த பிறகு வினாத்தாள்களைத் திறந்தோம். முன்னறையில் ஒருவர் சாம்பாருக்குக் காய் நறுக்குவார், பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் கேட்பேன். பிறப்பில் எழுதப்பட்ட பாலினம் ஒரு கேள்வி, இப்போது தன்னை என்னவாக உணர்கிறார் என்பது தனிக் கேள்வி. இரண்டையும் பிரித்துக் கேட்டால்தான் ஒருவருக்குப் புராஸ்டேட் பரிசோதனை வேண்டுமா, கருப்பைவாய்ப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவருக்குத் தெரியும். வெறும் ‘திருநர்’ என்ற ஒற்றைக் கட்டம் எதையும் சொல்வதில்லை.

அங்கேதான் மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் கருத்தடை மாத்திரைகள். மார்பு வளர வேண்டும், முகத்தில் மென்மை வர வேண்டும் என்று ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என விழுங்குகிறார்கள். மூத்தவர் சொல்லிக் கொடுத்த அளவு, அவருக்கு அவர் மூத்தவர் சொன்னது. இந்த மாத்திரைகளில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடயால் ரத்தத்தை உறையவைக்கும் தன்மை கூடியது. அதனால்தான் திருநங்கைகளுக்கான ஹார்மோன் சிகிச்சையில் அதைத் தவிர்த்து வேறு வடிவ ஈஸ்ட்ரடயால் கொடுக்கச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். கூடவே புகைப்பழக்கமும் இருந்தால் ஆபத்து பல மடங்கு. இன்னொரு பக்கம், அறுவை செய்துகொண்ட பிறகு ஹார்மோனே எடுக்காமல் விட்டவர்களுக்கு எலும்பு தேய்கிறது. முப்பதுகளில் இருக்கும் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, சுமை தூக்கினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

இடது கால் ஆடுதசை வீங்கிச் சிவந்திருந்த ஒருவரை டாக்டர் பார்த்ததும் பேட்டியை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னார். நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். எந்த வரிசையில் நிற்பது என்பதிலேயே அரை மணி போனது. ஆண்கள் வரிசையில் சிரித்தார்கள், பெண்கள் வரிசையில் விலகினார்கள். சீட்டு எழுதுமிடத்தில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அக்கா குரலை உயர்த்தாமல், தேவையான அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கடைசியில் ஒரு செவிலியரின் மனத்தை அசைத்தார். ஸ்கேனில் காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டு தெரிந்தது. நுரையீரலுக்கு நகர்ந்திருந்தால் உயிர் போயிருக்கும். அந்த வரிசைக்குப் பயந்துதான் இரண்டு வாரமாக அவர் வராமல் இருந்திருக்கிறார்.

வினாத்தாளில் மனச்சோர்வை அளக்கும் பகுதி ஒன்று உண்டு. பி.எச்.கியூ-9 என்பார்கள், ஒன்பது கேள்விகள். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை தோன்றியது என்பது. பயிற்சியில் இதைக் கேட்டுப் பழகும்போது வாய் தடுமாறாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து, ‘தினமும்’ என்று, சாப்பிட்டாயிற்றா என்பதற்குப் பதில் சொல்வது போலச் சொல்லும்போதுதான் பேனா நின்றுவிடும். விதிப்படி பேட்டியை அங்கேயே நிறுத்தி டாக்டரை அழைத்தேன். டெலி-மானஸ் எண் 14416 எழுதிய அட்டையைக் கொடுத்து, எங்கள் முன்னிலையிலேயே பேச வைத்தோம், அடுத்த வாரத்துக்கு மனநல மருத்துவரிடம் நாள் வாங்கினோம். “இதுக்குக்கூட மருந்து இருக்கா?” என்று அவர் கேட்டார். அவர் வீட்டை விட்டு வந்து பன்னிரண்டு வருடம்.

திருச்சியிலிருந்து மாலை வைகை எக்ஸ்பிரஸில் மதுரை. ஜன்னலோரம் மணப்பாறை முறுக்கு விற்றுக்கொண்டு போனார்கள். ஜமாத் வீடுகளில் நிறைந்திருந்த எங்கள் சீட்டுகள் மதுரையில் காலியாகக் கிடந்தன. இங்கே திருநம்பிகளைத் தேடி வந்திருந்தோம். அவர்களுக்கு ஜமாத் இல்லை, குரு இல்லை, கூவாகம் இல்லை. பெண்ணாக வளர்க்கப்பட்டவருக்கு வீட்டை விட்டு ஓடுவதே பெரும்பாடு. ஓடியவர் தன்னை யாருக்கும் தெரியாத ஓர் ஆணாக வாழ ஆசைப்படுகிறார். மூன்று சீட்டைக் கொடுத்தால், “எனக்கு ஒருத்தரைத்தான் தெரியும், அவரும் இன்ஸ்டாகிராம்ல” என்கிறார். சங்கிலி இரண்டாவது கண்ணியிலேயே அறுந்துவிடும். ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் சொன்ன இடத்துக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது.

அப்படிச் சந்தித்த ஒருவர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். மதுரை வெயிலில் காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை நெஞ்சை இறுகச் சுற்றிய துணியோடு நிற்கிறார். விலா வலிக்கிறது, தோல் முழுக்கக் கொப்பளம், மூச்சு முட்டுகிறது. கடையில் ஆண்கள் கழிப்பறையில் மற்றவர் இருக்கும்போது போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார். அது ரத்தத்தைத் தடிப்பாக்கக் கூடும், அவ்வப்போது ஹீமோகுளோபின் அளவு பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வயிற்றில் கடும் வலி வந்தபோது மகப்பேறு பிரிவின் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார். “தாடியோட அந்த வரிசையில எப்படிண்ணே நிக்கறது?” என்று உடனிருந்த மாணவரைப் பார்த்துக் கேட்டார். எங்கள் ஆய்வில் திருநம்பிகள் குறைவு. அந்தக் குறைவு அவர்கள் இல்லாததால் வந்தது என்று யாராவது படித்துவிடக் கூடாது என்பதில் எனக்குக் கவலை உண்டு.

திருநர் விஷயத்தில் மதுரைக்குத் தனி வரலாறே இருக்கிறது. எழுத்தாளர் பிரியா பாபு நடத்தும் திருநங்கையர் ஆவண மையம் இங்கேதான். அவருடைய ‘அரவாணிகள்: சமூக வரைவியல்’ நூலும், திருநங்கை எழுத்தாளர் ரேவதி பல திருநங்கைகளைச் சந்தித்துத் தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ நூலும் என் பையில் இருந்தன. பல்கலைக்கழகங்கள் எழுந்து வருவதற்குள் ரேவதி ஊர் ஊராகப் போய்த் தம் மக்களிடம் கேட்டு எழுதிவிட்டார். ஆய்வு என்றால் என்னவென்று எனக்குக் காட்டியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இங்கே இருக்கிறது. 2018-இல் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். வழக்கு மதுரைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டம் சொல்லும் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். அதே தீர்ப்பில், இடைப்பால் உறுப்பமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு அவர்கள் சம்மதம் இல்லாமல் பாலினம் ‘சரிசெய்யும்’ அறுவை செய்வதை நிறுத்தச் சொன்னார். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் அத்தகைய அறுவையைத் தடைசெய்து ஆணையிட்டது. இந்தியாவில் முதல் தடை அது. ஒரு கல்யாணப் பதிவுக்குப் போராடிய இருவரால், இன்னும் பேசத் தெரியாத குழந்தைகளின் உடம்பு காப்பாற்றப்பட்டிருக்கிறது. இந்தச் செய்தியை நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பேன்.

கோவில்பட்டிக்குப் பேருந்தில் போனோம். சாத்தூர் தாண்டியதும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பேருந்து நிலையத்தில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு மந்தித்தோப்புக்குப் புறப்பட்டோம். அங்கே அரசு கொடுத்த இடத்தில் திருநங்கைகளுக்கு வீடுகள் எழுந்திருக்கின்றன. சந்தீப் நந்தூரி மாவட்ட ஆட்சியராக இருந்தபோது அவர்களுக்கென்று பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. திருநங்கை உரிமைச் செயல்பாட்டாளர் கிரேஸ் பானுவின் உழைப்பும் அதில் உண்டு. விடியுமுன் பால் கறக்கிறார்கள், சாணி அள்ளுகிறார்கள், தீவனத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.

இங்கே எடுத்த பேட்டிகள் எனக்கு வேறு மாதிரி இருந்தன. உடம்பைப் பற்றிக் கேட்டால் இடுப்புவலியும் முழங்கால் வலியும் சொல்கிறார்கள், எந்த விவசாயக் குடும்பத்திலும் சொல்வது போல. ராத்திரி நன்றாகத் தூங்குகிறீர்களா என்ற கேள்விக்கு, “நாலு மணிக்கு மாடு எழுப்பிவிட்டுரும்மா, படுத்தா தூக்கம்தான்” என்றார் ஒருவர். வீட்டுப் பட்டாவும் மாத வருமானமும் மருந்துச்சீட்டில் எழுதப்படாத மருந்துகள் என்று டாக்டர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இருந்தாலும் நோய் முற்றினால் நிலைமை மாறவில்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இளமையில், ஜமாத்துக்குள்ளேயே அறுவை செய்யும் தாயம்மாவிடம் ‘நிர்வாணம்’ எனப்படும் ஆணுறுப்பு நீக்கத்தைச் செய்துகொண்டவர். மயக்கமருந்து இல்லை, தையல் இல்லை, நாற்பது நாள் இருட்டறை. அப்போது சுருங்கிய சிறுநீர்த் துவாரத்தோடு முப்பது ஆண்டாகச் சொட்டுச் சொட்டாகப் போராடுகிறார். சின்ன அறுவையில் சரியாகக் கூடியது. ஏன் காட்டவில்லை என்றதற்கு, தொழுவத்தைக் காட்டி, “இதுக்குக் காய்ச்சல்னா டாக்டர் வீட்டுக்கே வந்து பார்க்காரு. எனக்குன்னா நான் யாருகிட்ட போயி எதைத் தூக்கிக் காட்டட்டும்?” என்றார். அதை எழுதிக்கொள்ள வினாத்தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

தூத்துக்குடியில் அக்கா அழைத்து வந்த இரண்டு இளம் திருநங்கைகள் எங்களோடு பேட்டி எடுக்கப் பழகினார்கள். ஒருவர் பிளஸ் டூ முடித்தவர், இன்னொருவர் பாலிடெக்னிக்கில் பாதியில் நின்றவர். நான் ஒரு மணி நேரம் கேட்டும் வராத விவரம் அவர்கள் கேட்டால் பத்து நிமிடத்தில் வந்தது. நான் கேட்டபோது ‘ஹார்மோன் எடுப்பதில்லை’ என்று சொன்ன ஒருவர், அவர்களிடம் மாத்திரையின் பெயரையும் விலையையும் சொன்னார். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு டாக்டர் இரவு முழுக்க முந்தைய ஊர்களின் கணக்கை மறுபடி பார்த்தார். திருநர் உடல்நல ஆய்வில் கேட்கும் இடத்தில் திருநர் இருந்தாக வேண்டும். சமூகநீதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கணக்கு சரியாக வர வேண்டும் என்றாலும் அதுவே வழி.

தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த அன்பு ரூபி 2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் முதல் திருநங்கைச் செவிலியராக அரசுப் பணி ஆணை பெற்றவர். பயிற்சிக்கு வந்த இருவருக்கும் அவர் பெயரைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது. ஒருவர் நர்சிங் படிக்க விசாரித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பயணத்துக்குப் பிறகு எனக்குச் சில விஷயங்களில் சந்தேகமில்லை. திருநங்கைகளுக்கு நல வாரியத்தை 2008-இலேயே அமைத்த மாநிலம் இது. பாலின மாற்று அறுவையை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்ய முன்வந்த மாநிலம் இது. சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் திருநருக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. இவை எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் தூத்துக்குடியில் ஒருவருக்குக் கால் வீங்கினால் அவர் உடனே மதுரைக்குப் போக முடியாது. அறுவை சிகிச்சை ஒரு முறை நடப்பது, அதற்குப் பின் வரும் நாற்பது ஆண்டுக்குச் சர்க்கரையும் எலும்பும் இதயமும் பார்க்க ஆள் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் திருநர் அடையாளத்தை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவுகளைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையமும் 2021-இல் பாடநூல்களில் இவர்களைப் பற்றி இழிவாக எழுதக் கூடாது என்று அறிவுறுத்தியது. புத்தகத்தில் திருத்துவது ஒரு வேலை, புறநோயாளிப் பிரிவில் சீட்டு எழுதுபவரைப் பழக்குவது இன்னொரு வேலை. நாங்கள் போன இடங்களில் இரண்டாவது தொடங்கியதாகத் தெரியவில்லை.

இந்தத் துறையில் இன்டர்ன்ஷிப் செய்யப் போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆய்வு முடிந்ததும் கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன், கேள்வி கேட்ட வீடுகளுக்குத் திரும்பிப் போய் முடிவைத் தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி, எந்த மருத்துவமனையில் எந்த நாளில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் குழு கோடை முடிவதற்குள் அதைத் தொடங்கிவிட்டது.

அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கும் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்களோடு சேர்த்து, ஹார்மோன் சிகிச்சை, அறுவைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, மருத்துவப் பாடத்திட்ட மறுஆய்வு, மருத்துவமனைகளில் எளிதாகச் சிகிச்சை பெறும் வசதி ஆகியவற்றையும் அரசின் கடமையாக வைத்திருக்கிறது. முதல் கடமையில் காட்டிய அக்கறையை மற்றவற்றிலும் காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசை, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், ஒரு திருநர் பணியாளர், ஒரு குளுக்கோமீட்டர். தொடங்க இது போதும்.